அச்சுக்கு மட்டும்

ஜனவரி 9

அன்புள்ள அக்கா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துவிடு. வீடு முழுக்க அடங்கிய பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எங்கேயாவது தப்பு இருந்தால் தூக்கத்தின் கணக்கில் எழுதிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றித் தருகிறேன் என்ற மேலாளர் இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறாரா?

தட்டச்சு செய்யவேண்டிய கவிதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. அறிவியலும் வணிகவியலும் செய்துகொண்டிருந்தவள் கையில் கவிதையைத் தூக்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டாய். பாடப் புத்தகம் என்றால் தலைப்புக்கு ஒரு குறி, பத்திக்கு ஒரு குறி, அதோடு முடிந்தது. இதில் ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் குறி போடவேண்டும், அடிகளைச் சேர்த்துக் கட்ட இன்னொரு குறி. கொஞ்சம் அசந்தால் மென்பொருள் எல்லா அடியையும் வாரி ஒரே பத்தியாக்கிப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றிவிடுகிறது. நேற்று ஒன்றைச் சோதித்துப் பார்த்தேன். ‘வெயில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது’ என்று ஒரே ஓட்டமாக ஓடியது. கவிதை மாதிரியே இல்லை. யாரோ உறவுக்காரர் வந்த தகவல் மாதிரி இருந்தது.

பக்கத்துக்குப் பக்கம் பூ, கொடி, பறவை என்று வரைந்து வைத்திருக்கிறார்கள். அதற்கெல்லாம் ‘அச்சுக்கு மட்டும்’ என்ற குறியைப் போட்டுவிடுகிறேன். அந்தக் குறிக்குள் எது இருந்தாலும் மென்பொருள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், பிரெய்லில் அதன் சுவடே இருக்காது. இருக்கிற குறிகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான்.

உன் போன கடிதம் மேசைமேல் இருந்தது. அத்தை தடவிப் பார்த்துவிட்டு, “என்னம்மா இது, காகிதம் பூரா அம்மை போட்ட மாதிரி இருக்கு?” என்றார்கள். “ஆபீஸ் பேப்பர் அத்தை” என்றேன். ஆபீஸிலிருந்து வருவதுதானே. நல்ல கெட்டிக் காகிதம் என்று பாராட்டினார்கள்.

உருண்டை நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. அவள் விழித்திருக்கும்போது டார்ச்சை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்க்கிறேன். “ஏம்மா, குழந்தை என்ன திருடனா, டார்ச் அடிச்சு அடிச்சுப் பாக்கற?” என்று அத்தை கேட்கிறார்கள்.

குழந்தையைத் தூக்க எப்போது வரலாம் என்று கேட்டிருந்தாய். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த நாற்றத்தில் நீ கஷ்டப்படுவாய். முடிந்ததும் சொல்கிறேன்.

உன் தங்கை


ஜனவரி 17

அன்பு வாலுக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது, பழைய நாற்காலியும் இருக்கிறது. எல்லாம் ஒற்றுமையாக இருக்கிறோம்.

உன் கடிதத்தைப் பிரெய்லில் அச்சடித்து எடுத்தேன். முழுக்கக் கவிதையாக வந்திருக்கிறது. கவிதைக் கோப்புக்குள்ளேயே தட்டச்சு செய்து அனுப்பிவிட்டாய் போல. ‘வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள்’ ஓர் அடி. அப்புறம் ஒரு காலி வரி. ‘அந்த நாற்றத்தில் நீ கஷ்டப்படுவாய்’ அடுத்த அடி. எழுதியவள் நடுவில் மூச்சு வாங்கியிருக்கிறாள் என்று விரலுக்குத் தெரிந்தது.

ஆபீஸ் காகிதம் என்று சொல்லிவிட்டாய், அதனால் ஆபீஸ் விஷயம் எழுதுகிறேன். அடி ஒவ்வொன்றும் ஓரத்தில் தொடங்கவேண்டும். வரி கொள்ளாமல் மிச்சம் கீழே இறங்கினால் கொஞ்சம் உள்ளே தள்ளி வரவேண்டும். அப்போதுதான் விரல், ‘இது புது அடி இல்லை, பழையதன் மிச்சம்’ என்று புரிந்துகொள்ளும். நீ குறியைச் சரியாகப் போட்டால் மென்பொருள் இதைத் தானே செய்துவிடும்.

இந்தப் புத்தகத்துக்கு எனக்கு அச்சுப் பிரதி வாசித்துக் காட்ட ஒருவரைப் போட்டிருக்கிறார்கள். அவர் வாசிப்பார், நான் புள்ளிகளில் விரலை ஓட்டிக்கொண்டே வருவேன். குரல் ஒரு பக்கமும் விரல் ஒரு பக்கமும் போனால் நிறுத்திக் குறித்துக்கொள்வோம். மனிதர் முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்பு செய்தவர். எல்லாவற்றையும் அதே குரலில்தான் வாசிக்கிறார். ‘நிலவு தாமதமாக வந்தது’ என்றார். “எந்த பிளாட்ஃபாரம் சார்?” என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து அவர் பெயர் ஒலிபெருக்கி.

ஒரே ஒரு வேண்டுகோள். கண்ணைப் பற்றி ஏதாவது கேட்கவேண்டும் என்றால் டார்ச்சைக் கேட்காதே, என்னைக் கேள். எனக்கு எப்போது தொடங்கியது, எப்படிப் போனது என்று உனக்குத் தெரியாது. நீ பிறந்தபோது எனக்கு ஓரளவு தெரிந்தது. உன் முகத்தைப் பார்த்திருக்கிறேன். முகம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, மூக்குதான் இருந்தது.

பெயிண்ட் காய்ந்ததும் எழுது. குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, உருண்டைக்குப் பல் முளைக்கிறது.

புத்தகத்தின் முதல் பாதியை அனுப்பிவிட்டேன். ஒரு கவிதை என்னைப் படாத பாடு படுத்தியது. அச்சில் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிடத் தள்ளித் தள்ளி, மாடிப்படி மாதிரி இறங்குகிறது. வெற்றிடம் விட்டு விட்டுத் தள்ளி வைத்தேன். மென்பொருள் அதையெல்லாம் வழித்துத் துடைத்து ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. பிறகுதான் ஒவ்வொரு படிக்கும் தனி அளவு சொல்லிக் குறி போடவேண்டும் என்று கண்டுபிடித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று சொல்.

உருண்டையைக் கண் டாக்டரிடம் கொண்டுபோனோம். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஒரு பொம்மையை ஆட்டினார், அவள் அதன் பின்னாலேயே கண்ணை உருட்டிக்கொண்டு போனாள். அத்தையும் கூட வந்திருந்தார்கள். ஆக, கவலைப்பட ஒன்றுமில்லை.

பெயிண்ட் வேலை முடிந்தது. ஆனால் அத்தைக்கு இப்போது முழங்கால் வலி. வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று ஓடியாடுகிற சுபாவம் அவர்களுக்கு. கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் தங்கை


பிப்ரவரி 12

அன்பு வாலுக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். பல் முளைக்கிற குழந்தைக்கும் அதன் அம்மாவுக்கும் சேர்த்துத் தூக்கம் வரட்டும்.

மாடிப்படிக் கவிதை பிரமாதம். விரல் நிஜமாகவே படி இறங்கியது. “பாத்து வாங்க சார், கடைசிப் படி உயரம்” என்று ஒலிபெருக்கியிடம் சொன்னேன். மேலாளர் கேட்டுவிட்டு, இதைச் செய்தது யார் என்றார். “என் தங்கச்சி” என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

டாக்டர் நல்லது சொன்னதில் எனக்கு நிம்மதி. ஆனால் நான் போன கண் டாக்டர்கள் கொஞ்சநஞ்சமில்லை. எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: குடும்பத்தில் யாருக்காவது பார்வைக் கோளாறு உண்டா? உங்கள் டாக்டரும் கேட்டிருப்பார். நீ என்ன சொன்னாய்?

அத்தையின் முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். எனக்காக யாரும் எழுந்து நிற்கவேண்டாம். நின்றாலும் எனக்குத் தெரியாது.

அக்கா


பிப்ரவரி 14

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அவசரமாக எழுதுகிறேன். மீதிப் புத்தகத்தையும் அனுப்பிவிட்டேன். டாக்டரிடம் அன்று கூட்டம், அதிகம் பேச நேரமில்லை. குழந்தை அழுகிறாள். பிறகு விரிவாக எழுதுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 3

அன்பு வாலுக்கு,

எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? விரிவான கடிதம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே எழுதுகிறேன்.

இன்று ஒரு வேடிக்கை நடந்தது. ஒலிபெருக்கி ஒரு கவிதையை முடித்துவிட்டு அடுத்ததை ஆரம்பித்தார். என் விரலின் கீழே வேறு தலைப்பு இருந்தது. அவர் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே போகிறார். நான் முன்னால் ஒரு பக்கம், பின்னால் ஒரு பக்கம் தடவிப் பார்க்கிறேன். அவர் சொல்கிற ஒரு வார்த்தைகூட அங்கே இல்லை.

“என்னம்மா, எங்கயாவது தவற விட்டுட்டீங்களா?” என்றார்.

“குடுத்தாத்தானே சார் தவற விடறதுக்கு.”

“அப்போ தாண்டிப் போயிடட்டுமா?”

“வேண்டாம். முழுசா வாசிங்க.”

வாசித்தார். ஒரு பெண் சாலை ஓரத்தில் பார்வையில்லாத இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகிற கவிதை. உனக்குத் தெரிந்திருக்கும், நீதானே தட்டச்சு செய்தாய். கடைசி அடிகளில் ஒலிபெருக்கியின் குரல் இறங்கிவிட்டது. எத்தனையோ ரயில் ரத்தானதைக் கலங்காமல் சொன்ன மனிதர், இதை வாசித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

கோப்பைத் திறந்து பார்க்கச் சொன்னோம். கவிதை முழுசாக இருக்கிறது, ஆனால் தலைப்பிலிருந்து கடைசி அடி வரை ‘அச்சுக்கு மட்டும்’ குறிக்குள் இருக்கிறது. புத்தகம் கல்லூரி மாணவர்களுக்குப் போகிறது. நல்லவேளை, இப்போதே தெரிந்தது. மென்பொருளைப் பார்த்துக்கொள்கிற பெண் வேலைக்குப் புதியவள். தன் தப்பாக இருக்குமோ என்று பயந்துபோய் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுத் தேடிக்கொண்டிருக்கிறாள். அந்தக் குறி தானாக விழுமா? உனக்கு ஏதாவது தெரியுமா?

குழந்தை தவழ்கிறாளா? எந்தப் பக்கமாக? நீ பின்பக்கமாகத் தவழ்ந்தவள்.

அக்கா


மார்ச் 5

அன்புள்ள அக்கா,

உன் உடம்பு சுகம்தானே? இங்கேயும் சுகம். உருண்டை முன்பக்கமாகத்தான் தவழ்கிறாள்.

கவிதை விஷயம் கேட்டுத் திடுக்கிட்டேன். யோசித்துப் பார்த்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. ஒரு நாள் மடியில் வைத்துக்கொண்டு வேலை செய்தேன், அவள் இரண்டு கையாலும் கீபோர்டில் அடித்துவிட்டாள். அப்போது எது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. சரிபார்க்காமல் அனுப்பியது என் தப்பு. திருத்திய கோப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


மார்ச் 9

தங்கைக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்கவேண்டும்.

திருத்திய கோப்பு சரியாக இருக்கிறது. நீ எழுதியதை அப்படியே சொன்னேன். குழந்தை கீபோர்டில் அடித்துவிட்டாள் என்றதும் ஆபீஸே சிரித்தது. அந்தப் புதிய பெண்ணுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கண்டுபிடிக்காமல் விட்டது அவள் தப்புதானே என்று மேலாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

என் தங்கை மகளை நான் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. அவளைப் பற்றி இங்கே நான் சொன்ன முதல் செய்தி ஒரு குற்றச்சாட்டு.

அக்கா


மார்ச் 28

அன்புள்ள அக்கா,

நீ சுகமா என்று கேட்கக்கூட இன்று கூச்சமாக இருக்கிறது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து ஐந்தாறு தடவை தொடங்கி அழித்துவிட்டேன். போனில் பேசலாம் என்றால் எனக்குப் போனில் சரளமாகப் பொய் வந்துவிடும். எழுதினால்தான் மாட்டிக்கொள்வேன் என்று நீயே ஒரு தடவை சொன்னாய்.

உருண்டை கீபோர்டை அடிக்கவில்லை. அவள் அன்று தூங்கிக்கொண்டிருந்தாள். குறியைப் போட்டது நான். தலைப்புக்கு முன்னால் தொடங்கி, கடைசி அடிக்குப் பின்னால் கவனமாக மூடினேன். ஒரு முறை சோதித்தும் பார்த்தேன், சுவடு இல்லாமல் போகிறதா என்று.

அந்தக் கவிதை உன்னைப் புண்படுத்தும் என்று நினைத்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பாதிதான் உண்மை. அதில் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறவள், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும், யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தன் உள்ளங்கையைத் துணியில் துடைத்துக்கொள்கிறாள். உன் விரல் அந்த அடிக்கு வரும்போது உனக்கு என் ஞாபகம் வரும். அதற்குத்தான் பயந்தேன்.

டாக்டர் கேட்டார், அக்கா. நீ சொன்ன அதே கேள்வி. அத்தை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், உருண்டை அவர்கள் மடியில் இருந்தாள். “உங்க பக்கத்துல யாருக்காவது சின்ன வயசுல பார்வை போயிருக்காம்மா?” என்றார். “இல்ல டாக்டர், யாருக்கும் இல்ல” என்றேன். கேட்டு வாய் மூடுவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி வரவேண்டாம் என்றார். அத்தை வழி முழுக்கச் சந்தோஷமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த ‘நன்றாக இருக்கிறது’ என்ற வார்த்தையை என்னால் நம்ப முடியவில்லை. நான் கொடுத்த பொய்யை வைத்துத்தானே அவர் அதைச் சொன்னார். மறுபடி டார்ச்சை எடுத்துவிட்டேன்.

எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள், புத்தகம் போடுகிற இடத்தில் வேலை, விடுப்பே கிடைக்காது என்பதுதான் இந்த வீட்டுக்குத் தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் முதல் நாளிலிருந்தே எல்லாம் தெரியும். “அம்மாகிட்ட நான் சொல்றேன், இதுல என்ன இருக்கு?” என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டார். வேண்டாம் வேண்டாம் என்று வாயைப் பொத்தியது நான்தான். பெயிண்ட் அடித்தது ஒரே ஓர் அறைக்கு. முழங்கால் வலி நிஜம், ஆனால் அது எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

மேலாளருக்குத் தனியாக எழுதிவிட்டேன், குறியைப் போட்டது நான்தான், அந்தப் பெண்மேல் தப்பில்லை என்று. இனி எனக்கு வேலை தரவேண்டாம் என்று அவர் முடிவு செய்தால் அது நியாயம்தான்.

உன்னிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வால்


ஏப்ரல் 16

தங்கைக்கு,

நலம். உன் வேலை எங்கும் போகவில்லை. மாடிப்படி இறக்கத் தெரிந்த ஆள் அவருக்கு வேறு கிடையாது. அந்தப் பெண்ணிடம் மேலாளர் எல்லார் முன்னாலும் வருத்தம் தெரிவித்தார். உன் கடிதம் அந்த அளவுக்கு நல்லது செய்தது.

கவிதையைப் பற்றி. இந்தப் புத்தகத்திலேயே நல்ல கவிதை அதுதான். மற்றதெல்லாம் நிலவும் வெயிலும். இதில் ஒருத்தி தன்னையே பிடித்துக் கொடுத்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொள்கிறவர்களை எங்களுக்குத் தெரியாது என்று நினைத்தாயா? துணியில் கை தேய்கிற சத்தம் நன்றாகக் கேட்கும். கேட்டுவிட்டு, ‘ரொம்ப நன்றிங்க’ என்று சொல்லிவிட்டுப் போவோம். அதை முதல் தடவையாக ஒருத்தி எழுதியிருக்கிறாள். எங்கள் கைக்கு வரவேண்டிய பக்கம் அது. நீ நல்ல மனதோடோ கெட்ட மனதோடோ எடுத்தாய், ஆனால் எடுத்துவிட்டாய்.

அடுத்தது. உன் கல்யாணத்தன்று ஆபீஸில் வேலை என்று நானாகவே சொன்னேன். நீ கேட்கவில்லை. கேட்கும் நிலைமை உனக்கு வரவேண்டாம் என்று முந்திக்கொண்டேன். அன்று எனக்கு விடுப்பு. முன்கூட்டியே எழுதிக் கொடுத்த விடுப்பு. காலையிலேயே குளித்துப் புதுத் துணி போட்டுக்கொண்டேன். ஒருவேளை கடைசி நேரத்தில் கூப்பிட்டால் உடனே கிளம்பவேண்டுமே என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, “வெளியில போயிட்டு வந்தீங்களா, வெளியில போகப் போறீங்களா?” என்று கேட்டபோதுதான் கழற்றினேன்.

உன்னை அழவைக்க இதை எழுதவில்லை. என்மேல் அந்தக் குறியை முதலில் போட்டது நான்தான், நீ அதை எடுக்காமல் விட்டாய், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்ல வந்தேன். அதனால் உன்மேல் எவ்வளவு கோபப்படலாம் என்று எனக்கு அளவு தெரியவில்லை.

டாக்டர் விஷயத்தில் மட்டும் அளவு தெரிகிறது. என்னை இல்லை என்று சொன்னது போகட்டும். அந்தப் பதில் உனக்கும் எனக்கும் நடுவில் உள்ளது இல்லை. அது அந்தக் குழந்தைக்குச் சேரவேண்டியது.

இதற்குப் பதில் வேண்டாம். அடுத்த புத்தகம் வந்தால் மேலாளர் அனுப்பிவைப்பார்.

அக்கா


மே 11

அன்புள்ள அக்கா,

பதில் வேண்டாம் என்று சொல்லியும் எழுதுகிறேன், அதுவும் வழக்கம்போல எல்லோரும் தூங்கிய பிறகு. உன் முதுகு, உன் நாற்காலி, உன் ஒலிபெருக்கி எல்லோரும் நலமா? நீ போன கடிதத்தில் குழந்தையைப் பற்றி விசாரிக்கவில்லை. முதல் தடவையாக. அந்த இடத்தைத் தேடிக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். உன் கடிதத்தைக் கொண்டுபோய் முன்னால் வைத்து, “இது ஆபீஸ் பேப்பர் இல்ல அத்தை. எங்க அக்கா எழுதின லெட்டர். அவளுக்குக் கண்ணு தெரியாது. சின்ன வயசுல போயிடுச்சு” என்றேன்.

அத்தை மடித்த துணியையே மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்கள். பிறகு உருண்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குத்தான் இத்தனை நாள் பயந்தேன்.

“அன்னைக்கு டாக்டர் கேட்டாரே?”

“கேட்டாரு.”

“நீ இல்லைன்னியே?”

“ஆமா அத்தை.”

“என்னைப் பாத்து பயந்தா சொன்ன?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியல. ஆனா திருப்பறதா இருந்தாலும் அதை நான்தானேம்மா திருப்பணும்? எனக்கும் சேத்து நீயே முடிவு பண்ணிட்டியே.”

கோபமாக எழுந்து சமையலறைக்குப் போனார்கள். அங்கே பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. உன்னிடம் இன்னொன்றும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். கெட்டிக் காகிதம் என்று அத்தை உன் பழைய கடிதங்களை எடுத்து அலமாரித் தட்டில் டப்பாக்களுக்கு அடியில் விரித்திருந்தார்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தடுக்கவில்லை. அன்று அவர்கள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துக் கீழே வைத்து, காகிதங்களை உருவி, ஈரத் துணியால் ஓரத்தை மட்டும் துடைத்து, கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்கள். “புள்ளி அமுங்கிப் போச்சு. படிக்க முடியுமான்னு பாரு” என்றார்கள். அதன்பிறகு இரண்டு நாள் என்னோடு அதிகம் பேச்சு இல்லை. மூன்றாம் நாள் அவர்களே கிளம்பி நின்றார்கள், “வா, டாக்டர்கிட்ட போகலாம்” என்று.

டாக்டர் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. பழைய சீட்டில் தான் எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இப்போதைக்குக் குழந்தையின் கண்ணில் எதுவும் தெரியவில்லை, ஆனால் தொடர்ந்து பார்க்கவேண்டும் என்றார். உனக்கு எந்த வயதில் தொடங்கியது, முதலில் இரவில் தெரியாமல் போனதா, பக்கவாட்டில் தெரியாமல் போனதா, அப்போது டாக்டர்கள் என்ன பெயர் சொன்னார்கள், இதெல்லாம் வேண்டுமாம். முடிந்தால் நீயே நேரில் வந்தால் நல்லது என்றார். எனக்கு ஒரு கேள்விக்கும் பதில் தெரியவில்லை. கூடப் பிறந்தவள் நான், தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் ஒரு தேவை வந்த பிறகுதான் கூப்பிடுகிறாய் என்று நீ நினைக்கலாம். இல்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. தேவைக்குத்தான் கூப்பிடுகிறேன். தேவை இல்லாத நாளிலும் கூப்பிட்டிருக்கவேண்டும்.

அடுத்த மாதம் உருண்டைக்குப் பிறந்தநாள். “அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும், முன்னாடியே வரச் சொல்லு. நான் ஒண்ணும் எழுந்து நிக்கப் போறதில்ல, எனக்கு முழங்கால் வலி” என்று அத்தை சொல்லச் சொன்னார்கள். நீ எழுதியதை நான் வாசித்துக் காட்டிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. என் வீட்டுக்காரர் வந்து உன்னை அழைத்துப் போவார். நீ வேண்டாம் என்றால் நாங்கள் மூன்று பேரும் அங்கே வருகிறோம். நீ எங்களைப் பார்க்க விரும்பாவிட்டால், டாக்டரின் கேள்விகளுக்கு மட்டுமாவது பதில் எழுது. அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். உருண்டையின் கையை அதன்மேல் விரித்து வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, பின்பக்கமிருந்து ஊசியால் வரிசையாகக் குத்தியிருக்கிறேன். நீ தடவினால் கை தெரியும். அத்தைதான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அப்படியும் சுண்டுவிரலை நடுவில் இழுத்துவிட்டாள், அதனால் அது மட்டும் நீளமாக இருக்கும். நான் திருத்தவில்லை. அவள் எப்படி வைத்தாளோ அப்படியே உனக்கு அனுப்புகிறேன்.

அக்கா, சீக்கிரம் பதில் எழுது.

உன் வால்